ராஜாஜிக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்

ராஜாஜியை வாசிக்கும்போதெல்லாம் அவருக்கு எதிரே யாரோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றும். பெரிய படிப்பில்லாத, ஆனால் புத்தியில் குறைவில்லாத ஒருவர். அவருக்கு விளங்காத இடம் வந்தால் ராஜாஜி நின்று விளக்கிவிட்டுத்தான் மேலே போவார்.

இந்தப் பழக்கம் பெரிய பதவிகளுக்கு முன்பே அவருக்கு வந்துவிட்டது. சேலத்தில் வக்கீலாக இருந்த காலத்தில், 1916ல், அறிவியலைத் தமிழில் சொல்லக் கலைச்சொற்கள் வேண்டுமென்று நண்பர்களோடு ஒரு சங்கம் தொடங்கினார். பிற்பாடு வேதியியலைச் சாதாரண மக்களுக்குச் சொல்ல ஒரு சிறு நூலும் எழுதினார். அதற்கு 'திண்ணை ரசாயனம்' என்று பெயர் வைத்தார்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் காந்தி ஆசிரமம் நடத்தியபோது, கல்கியைத் துணைக்கு வைத்துக்கொண்டு மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' பத்திரிகையைக் கொண்டுவந்தார். குடியின் கேட்டை வாதாடி நிரூபிக்கத் தெரிந்தவர்தான். ஆனாலும் கதையை நம்பினார். அவருடைய 'திக்கற்ற பார்வதி'யில் வண்டிக்காரக் கருப்பன் குடிக்கப் பழகுகிறான். கடன் ஏறுகிறது. கடைசியில் எல்லாம் அவன் மனைவி தலையில் வந்து விடிகிறது. பிரசங்கம் கேட்டுக் கலங்காதவர்களும் பார்வதியின் முன்னால் கலங்கிப்போவார்கள். 1937ல் சென்னை மாகாணப் பிரதமரானதும் அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை அமல்படுத்தினார். கள்ளுக்கடை வருமானம் போனால் கஜானாவுக்கு வேறு வழி வேண்டுமே? 1939ல் விற்பனை வரி வந்தது. கதை எழுதிய கை வரவு செலவையும் பார்த்தது.

அவருடைய கூர்மைக்கு ஒரே ஒரு சாட்சி சொல்லச் சொன்னால் வேலூர்ச் சிறை நாட்குறிப்பைத்தான் சொல்வேன். ஒத்துழையாமை இயக்கத்தில் மூன்று மாதத் தண்டனை. ஆஸ்துமாவோடு உள்ளே இருந்தார். ஒரே வருஷத்தில் சுயராஜ்யம் என்று வெளியே தேசமே நம்பிக்கொண்டிருந்த நேரம். அவரோ 1922 ஜனவரியில், சுதந்திரம் வந்த கையோடு நல்லாட்சி வந்துவிடாது, தேர்தலும் ஊழலும் பணபலமும் திறமையற்ற நிர்வாகமும் மக்களைப் படுத்தி எடுக்கும் என்று எழுதி வைத்தார். சுதந்திரத்துக்காகச் சிறைப்பட்ட ஒருவர், சிறைக்குள்ளிருந்தே இப்படி எழுத எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

இத்தனை தூரம் பார்த்தவர் 1953ல் பக்கத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. பள்ளிகள் போதாது, ஆசிரியர்கள் போதாது. ஆகவே கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் தினமும் மூன்று மணி நேரப் பாடம், மற்ற நேரத்தில் வீட்டுத் தொழில் என்று முதலமைச்சர் ராஜாஜி திட்டம் போட்டார். அவர் கணக்கில் இரண்டு பங்குப் பிள்ளைகள் படிக்கலாம். ஆனால் அப்பன் தொழிலிலிருந்து தப்பிக்கவே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய குடும்பங்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? குலக்கல்வி என்று பெரியாரும் தி.மு.க.வும் போர்க்கொடி தூக்கினார்கள்; காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வலுத்தது. 1954ல் அவர் பதவி விலக, காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுதும்போது கேட்பவரின் முகத்தைப் பார்த்தே பேசியவர், ஆளும்போது கேட்காமலே முடிவு செய்துவிட்டார்.

அதே 1954ல் 'கல்கி'யில் ராமாயணம் எழுதத் தொடங்கினார். 'சக்கரவர்த்தித் திருமகன்' என்ற அந்த நூலுக்கு 1958ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கவர்னர் ஜெனரலாக இருந்தவர், மகாபாரதத்தையும் ராமாயணத்தையும் எழுதியதே தாம் மக்களுக்குச் செய்த மிகச் சிறந்த தொண்டு என்று கருதினார். எங்கள் வீட்டில் பாட்டி அந்த ராமாயணத்தை உரக்கப் படிப்பாள். வால்மீகி இப்படிச் சொல்கிறார், கம்பர் அப்படிச் சொல்கிறார் என்று ராஜாஜி நடுவே புகுந்து பேசும் இடங்களில் பாட்டியும் தன் பங்குக்கு ஏதாவது சொல்வாள்.

பட்டாபிஷேகத்தோடு கதையை நிறுத்திவிட்டார் ராஜாஜி. சீதையை மறுபடி காட்டுக்கு அனுப்பும் உத்தர காண்டத்தைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நம் பெண்கள் காலங்காலமாய்ப் பட்ட துயரமே அந்தக் கதையாக வந்திருக்கிறது என்று எண்ணினார். சீதைக்காக இரங்கிய அந்த மனம், 1953ல் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் தீரவில்லை.