மூன்றாவது கட்டம்

பண்பொழியில் இப்போது சாரல் காலம். காலையில் திண்ணையில் உட்கார்ந்தால் திருமலைக் கோயில் தெரியும். கொஞ்ச நேரத்தில் மேகம் வந்து மலையையே மூடிவிடும். இந்த மாதிரி நாட்களில்தான் பழைய சங்கதிகள் ஞாபகம் வரும். இந்தத் தடவை ஞாபகப்படுத்தியவன் என் தங்கை மகன்.

2020-ல் கொரோனா சமயம் சென்னையிலிருந்து ஊருக்கு வந்தவன், இங்கிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். ஜோஹோ நிறுவனம் 2011-ல் தென்காசியில் அலுவலகம் திறந்து, பிறகு மத்தளம்பாறையில் பெரிய வளாகமும் வந்துவிட்டதால், வயல் பக்கத்திலிருந்து மென்பொருள் செய்வது எங்கள் பகுதியில் இன்று அதிசயம் இல்லை. மருமகன் இருப்பது வேறொரு சின்னக் கம்பெனி. நாலைந்து ஊர்களில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு 'டாஷ்போர்டு' பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு.

டாஷ்போர்டு என்றால் வேறொன்றும் இல்லை. கார் ஓட்டுகிறவருக்கு முன்னால் வேகம், பெட்ரோல் எல்லாம் ஒரே பலகையில் தெரிகிறதல்லவா, அதுபோல வியாபாரத்துக்கு ஒரு பலகை. ஒவ்வொரு கடையிலும் பில் போடப் போட, கணக்கு ஓரிடத்தில் போய்ச் சேருகிறது. முதலாளியும் மேனேஜர்களும் போனைத் திறந்தால், இன்றைய விற்பனை எவ்வளவு, எந்தக் கடையில் எந்தச் சரக்கு தீர்கிறது என்று கட்டம் கட்டமாகத் தெரியும்.

அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று போன மாதம் உத்தரவு. கடையை ஒருநாள் பூட்டிவிட்டு வெள்ளையடிப்பது போலச் செய்ய முடியாது. காலை ஏழு மணியிலிருந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் யாராவது ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

"அப்போ எப்படிலே செய்வே?" என்று கேட்டேன்.

"பழசுமேல கை வைக்கவே மாட்டேன் மாமா" என்றான். முழுசாக ஒரு நகல் எடுத்து, எல்லா மாற்றத்தையும் அதில்தான் செய்வானாம். அடியில் உள்ள அட்டவணையில் புதுப் பத்திகளைச் சேர்ப்பானே தவிர, பழைய பத்தியை அழிக்கவோ பேர் மாற்றவோ மாட்டானாம். மேலே உள்ள படங்கள் எல்லாம் அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. பேர் மாறினால் படம் வெறுமையாகிவிடும். புதுக் கணக்கையும் தனியிடத்தில் முழுசாக ஏற்றிவிட்டு, ஒரே நொடியில் இடம் மாற்றுவானாம். பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்று பழையது தெரியும், இல்லை புதியது தெரியும். பாதி வெந்தது தெரியவே தெரியாது. கடை மூடிய பிறகு ராத்திரியில் மாற்றுவது. அவர்கள் திறக்கிற லிங்க் அதேதான். கோளாறு என்றால் ஒரு நிமிஷத்தில் பழையதற்கே திருப்பிவிடலாம்.

கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "நம்ம கோயில்ல பாலாலயம் பண்றாப்பல" என்றாள். எனக்குச் சட்டென்று விளங்கியது. திருப்பணி என்றால் கோயிலை மூடிவிடுவதில்லை. சுவாமியின் சக்தியைக் கலசத்துக்கு மாற்றி, தனியிடத்தில் வைத்து அன்றாடப் பூஜையை நடத்துவார்கள். வேலை முடிந்து கும்பாபிஷேகத்தன்றுதான் சுவாமி பழைய இடத்துக்குத் திரும்புவார். ஒரு நாள்கூட விளக்கு அணையாது.

எல்லாக் காரியத்திலும் இந்த வசதி கிடைத்துவிடாது. எங்கள் செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் பாதையை அகலப்பாதை ஆக்க 2010-ல் ரயிலை நிறுத்தினார்கள்; பாதை முழுவதும் திறந்தது 2018-ல். மலையும் குகையுமாக உள்ள இடத்தில், பழைய தண்டவாளத்தை எடுக்காமல் புதியதை எங்கே போடுவது? பக்கத்தில் இடம் இருக்கிறவன் பாக்கியசாலி. மருமகனுக்கு இடம் இருந்தது.

எல்லாம் சரிதான். ஆனால் அவன் போகிறபோக்கில் ஒன்று சொன்னான்: "மூணாவது கட்டத்துல 'இன்றைய விற்பனை'ன்னு இருக்கு. அதுல இனிமே திரும்பி வர்ற துணியோட கணக்கையும் கழிச்சிட்டுக் காட்டப்போறேன். அதுதான் சரியான கணக்கு."

"பேரு?"

"பேரு அதேதான் மாமா. பழகின பேருதானே."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு ஒன்றாம் தேதி கண்முன் வந்து நின்றது.

அப்போது நான் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. எந்த ஊர் என்பது வேண்டாம். தினமும் சாயங்காலம் மேனேஜருக்குப் பணக் கையிருப்பு அறிக்கை எழுதி வைப்பது என் வேலை. அதில் மூன்றாவது கட்டத்தில், கவுன்டரில் கொடுக்கத்தக்க நல்ல நோட்டு எவ்வளவு என்று இருக்கும். மேனேஜர் அதைப் பார்த்துத்தான் மறுநாளைக்குக் கரன்சி செஸ்ட்டிலிருந்து பணம் வரவழைக்கலாமா என்று முடிவு செய்வார்.

எனக்கு அந்தப் படிவம் அலங்கோலமாகத் தெரிந்தது. ஒருநாள் உட்கார்ந்து அழகாகப் புதிதாகக் கோடு போட்டேன். மூன்றாவது கட்டத்தில் மொத்தக் கையிருப்பு. அதற்கடுத்து நல்ல நோட்டு, அழுக்கு நோட்டு, கிழிந்த நோட்டு என்று பிரிவு. ஒவ்வொரு எண்ணும் சரி. கூட்டலும் சரி. மாதக் கடைசி நாள் சாயங்காலம் அதை மேஜையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். பாராட்டுவார் என்று நினைப்பு.

அவர் கண் வழக்கம்போல மூன்றாவது கட்டத்துக்குப் போனது. பெரிய தொகையாக இருந்தது. போதும் என்று விட்டுவிட்டார். அந்தத் தொகையில் பாதிக்குமேல் மக்களுக்குத் திரும்பக் கொடுக்க முடியாத அழுக்கு நோட்டு.

மறுநாள் பென்ஷன். பதினொன்றரை மணிக்கே கவுன்டரில் பணம் தீர்ந்துவிட்டது. செஸ்ட்டுக்கு ஆள் அனுப்பி, ஜீப்பில் பணம் வந்து சேர மூன்று மணி. அதுவரை பெரியவர்கள் பெஞ்சிலும் படிக்கட்டிலும் உட்கார்ந்திருந்தார்கள். குடும்பப் பென்ஷன் வாங்க வந்த ஒரு பாட்டியம்மா என்னிடம் வந்து, "சார்வாள், ரெண்டு மணி பஸ்ஸ விட்டா எனக்கு ராத்திரிதான். நாளைக்கு வந்தா குடுப்பியளா?" என்று கேட்டார். கோபமே இல்லை குரலில். மருந்துச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

மேனேஜர் என்னைத் திட்டவில்லை. "கணக்கு சரிதான்யா. ஆனா இடத்த மாத்தினவன் சொல்ல வேண்டாமா?" என்றார். அவ்வளவுதான்.

இதை மருமகனிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் ஸ்கிரீன் நிக்காம இருக்கறதத்தான் யோசிச்சேன் மாமா" என்றான். திங்கட்கிழமை காலையில் ஒரு கடை மேனேஜர் போனைத் திறக்கிறார். அதே பேரில் எண் குறைந்து நிற்கிறது. விற்பனை படுத்துவிட்டது என்று நினைத்து விற்பனைப் பெண்களைத்தானே சத்தம் போடுவார்?

திட்டத்தை மாற்றினான். மூன்றாவது கட்டம் பழைய பேரில், பழைய கணக்கில் அப்படியே நின்றது. பக்கத்தில் 'நிகர விற்பனை' என்று புதுக் கட்டம். முதலில் இரண்டு மேனேஜர்களுக்கு மட்டும் காட்டினான். அவர்கள் சொன்ன திருத்தங்களைச் செய்த பிறகு, எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் தமிழில் ஒரு செய்தி: நேற்றைய கணக்கு பழைய முறையில் இவ்வளவு, புது முறையில் இவ்வளவு, வித்தியாசம் எதனால் என்று.

ஞாயிறு ராத்திரி மாற்றினான். திங்கட்கிழமை முழுக்க போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒருத்தரும் கூப்பிடவில்லை. அவன் தொழிலில் கிடைக்கிற பெரிய பாராட்டு அதுதானாம்.

ஒரு மாதம் கழித்து, பழைய பலகையை எடுக்கலாமா என்று பார்க்க, அதை இன்னும் யார் திறக்கிறார்கள் என்று பதிவேட்டைப் பார்த்திருக்கிறான். தினமும் காலையில் ஒரே ஒருவர் திறந்துகொண்டிருந்தார். ஒரு கடையின் வயதான கணக்குப்பிள்ளை. மூலையில் சின்னதாக இருந்த ரொக்க வசூல் எண்ணைப் பார்த்துத்தான் அவர் பேங்கில் கட்ட வேண்டிய பணத்தை எண்ணி எடுத்து வைப்பாராம். புதுப் பலகையில் அந்த எண்ணே இல்லை. யாரும் கேட்கவில்லை என்று இவன் விட்டிருந்தான். அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

"சேர்த்துட்டேன் மாமா. அவரக் கூப்பிட்டு எங்க இருக்குன்னும் சொல்லிட்டேன்" என்றான்.

அந்தப் பாட்டியம்மா மறுநாள் வந்தாரா என்று எனக்கு ஞாபகம் இல்லை. மடித்த மருந்துச் சீட்டு மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.