பாடினவனுக்கு யார் பாடுவது

தலைமுடி பாதி வெட்டிய நிலையில் செய்தி வந்தது. ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சலூன். 2020 செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை, பகல் ஒன்றரை இருக்கும். முடி வெட்டுகிறவர் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார். பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியம், எங்கள் பாலு, போய்விட்டார். ஆகஸ்ட் 5ஆம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போனவர், ஐம்பது நாளுக்கு மேல் போராடிக் கிடந்து, 74 வயதில். காத்திருந்த யாரும் வாய் திறக்கவில்லை. வெட்டுகிறவர் மட்டும், "இனி ரேடியோக்காரன் மூணு நாளைக்கு நிறுத்தமாட்டான்" என்றார். அப்படித்தான் ஆயிற்று. என் தலையின் இடப்பக்கம் அன்றைக்குச் சரியாக வரவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

சாயங்காலம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். அம்மா இன்னும் பழைய லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறார். இலங்கையில் கொரோனா அடங்கிவிட்டது என்று எல்லோரும் நம்பிய மாதம் அது. மினுவாங்கொடையில் தொற்றுக் கொத்தணி அக்டோபர் முதல் வாரத்தில்தான் வெடித்தது. அதனால் மாரியம்மன் கோயில் முன்னால் நல்ல கூட்டம். ஒரு பிளாஸ்டிக் கதிரையில் பாலுவின் படம், யார் வீட்டு வாசலிலோ பறித்த டேலியா மாலை, ஒரு குத்துவிளக்கு. சவுக்கு மரத்தில் குழாய் ஸ்பீக்கர். கொழும்பில் கடைகளில் வேலை செய்கிற பையன்கள் லீவு போட்டு வந்திருந்தார்கள். ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்து, போனில் கரோக்கி போட்டுப் பாடினார்கள். மூச்சு விடாமல் பாடுகிற பாலுவின் பாட்டு ஒன்றை ஒருத்தன் முயன்று பார்த்து, நடுவில் இருமி, கைதட்டு வாங்கினான்.

பாலத்தடி லயத்து அம்மாயி தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். எனக்கு மட்டும் அம்மாயி இல்லை, டிவிசனுக்கே அம்மாயி. எண்பது நெருங்கியிருக்கும். சாவு வீடென்றால் தப்பு அடிக்கிறவர்களுக்கு ஆள் அனுப்பும்போதே அவளுக்கும் ஆள் போகும். அப்படி ஒரு ஒப்பாரிக்காரி. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"செத்தவன் படிச்ச பாட்டாடா இது?"

"ஆமா அம்மாயி, எல்லாமே அவரு படிச்சதுதான்."

"அவன் படிச்சது சரி. அவனுக்குப் படிச்சது எங்க?"

நான் விழித்தேன். அவருடைய பாட்டைப் பாடுவதுதான் அவருக்கு அஞ்சலி என்று ஏதோ சொன்னேன். அம்மாயி அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. செத்தவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு செத்தவன் வீட்டுக்குப் போவாயா என்று கேட்டாள். இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் கிடையாது.

யோசித்துப் பார்த்தால், நம் சினிமாப் பாடகர்களுக்கு அஞ்சலி என்பதே ஒரு விசித்திரமான சங்கதிதான். 1987 டிசம்பர் 24இல் எம்.ஜி.ஆர். இறந்தபோது நான் சின்னப் பையன். நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பதால் மலைநாட்டுக்கு அவர் மேல் தனி உரிமை. எங்கள் லயத்தில் அன்று பல வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஸ்பீக்கரில் நாள் முழுக்க அவர் பாட்டு. அவர் பாட்டு என்றா சொன்னேன்? பாடியதெல்லாம் டி.எம்.சௌந்தரராஜன். அவர் சென்னையில் உயிரோடு இருந்தார். இன்னும் 25 வருஷம் இருந்துவிட்டு 2013 மே 25இல்தான் போனார். தன் குரலை வைத்து ஒரு ஊரே இன்னொருவருக்காக அழுவதை அந்த மனிதர் கேட்டிருப்பார். அவரே போனபோது எங்கள் தோட்டத்தில் அடுப்பு எரிந்தது. ஸ்பீக்கரில் அதே பாட்டுகள், அப்போதும் ஒரு கிழவர், "எம்.ஜி.ஆர். பாட்டு போடுறாங்க, என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

பாலுவின் காலத்தில் இது கொஞ்சம் மாறியது. அவர் முகத்தைத் தொலைக்காட்சி தெரியப்படுத்திவிட்டது. ஆனால் அவரையும் தமிழ்ச் சனங்களுக்கு முதலில் கொண்டுவந்தவர் நாவலப்பிட்டிக்காரர்தான். 'அடிமைப்பெண்' படத்துக்குப் பாட அழைத்த நேரத்தில் பையனுக்கு டைபாய்டு காய்ச்சல். வேறு ஆளைத் தேடாமல் எம்.ஜி.ஆர். காத்திருந்தார். 1969இல் படம் வந்தது. இந்தக் கதையை பாலு மேடை மேடையாகச் சொல்லி நன்றி செலுத்தியிருக்கிறார். என்றாலும் அது பேச்சு, பாட்டு இல்லை. சினிமாப் பாட்டில் பாடகனுடைய சொந்தச் சேதி நுழைய இடமில்லை. காதலும் நாயகனுடையது, சாவும் நாயகனுடையது. குரல் மட்டும் இவருடையது.

இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவில் கன்ட்ரி என்று ஒரு பாட்டு வகை உண்டு. தெற்குப் பக்கத்து மலையிலும் பருத்திக் காட்டிலும் ரயில்பாதையிலும் வேலை செய்த ஏழை வெள்ளைக்காரர்களோடு வளர்ந்தது. கறுப்பின மக்களின் இசையும் அதில் ஏராளமாகக் கலந்திருக்கிறது. அங்கே பாடகன் தன் பெண்டாட்டி போனதையும் தன் குடியையும் தானே எழுதித் தானே பாடுவான். ஆகவே அவன் செத்தால் அதுவும் பாட்டுக்குச் சேதி. ஹாங்க் வில்லியம்ஸ் 1953 புத்தாண்டு நாளில், கச்சேரிக்குப் போகிற வழியில், காரின் பின்சீட்டில் இறந்துகிடந்தார். வயது 29. கொஞ்ச நாளிலேயே ஜாக் கார்ட்வெல் என்பவர் அந்தச் சாவையே பாட்டாக்கி இசைத்தட்டில் வெளியிட்டார், நன்றாக விற்றது. கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கழித்தும் ஆலன் ஜாக்சன் ஹாங்க்கின் கல்லறைக்கு ராத்திரியில் போய் நிற்பதாக ஒரு பாட்டுப் பாடினார். அதற்கும் முந்தி ஜிம்மி ரோட்ஜர்ஸ். ரயிலில் பிரேக் போடுகிற வேலை பார்த்தவர், காசநோயில் 1933 மே மாதம் இறந்தார். அடுத்த மாதமே ஜீன் ஆட்ரி அவர் சாவைப் பாடிப் பதிவு செய்துவிட்டார். வியாபார அவசரமும் இருந்திருக்கும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அம்மாயி கேட்டது அவர்களிடம் இருந்தது.

ஜிம்மி ரோட்ஜர்ஸ் பற்றி இன்னொன்று. அவருடைய இசைத்தட்டுகள் எப்படியோ கென்யாவில் கெரிச்சோ பக்கத்துக் கிப்சிகிஸ் மக்களிடம் போய்ச் சேர்ந்தன. கெரிச்சோ எது தெரியுமா? நம்மைப் போலவே வெள்ளைக்காரன் தேயிலை போட்ட மலை. 1950இல் ஹியூ ட்ரேசி என்ற ஒலிப்பதிவாளர் அங்கே போனபோது, சின்னப் பெண்கள் 'செமிரோச்சா' என்று ஒருவரைப் பாடினார்கள். ஜிம்மி ரோட்ஜர்ஸ் என்ற பேர்தான் வாயில் விழுந்து அப்படி உருண்டிருந்தது. பாதி மனிதன், பாதி மான் என்று அவரைக் கற்பனை செய்துகொண்டு ஆட வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்கள். முகம் தெரியாத பாடகனை வைத்து ஒரு தேயிலை மலை புதுப்பாட்டே கட்டிவிட்டது. அந்தப் பதிவைக் கேட்ட அன்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

நம் மலையில் மட்டும் பாட்டுக் கட்ட ஆள் இல்லாமலா போனார்கள்? தொழிற்சங்கத் தலைவர் கோ.நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டத்துக் கூட்டங்களில், சனங்களுக்குத் தெரிந்த மெட்டில் தம் சொற்களைப் போட்டுப் பாடினார். 1940இல் அவற்றைச் சிறு புத்தகமாகவும் வெளியிட்டார். மடக்கொம்பரையில் பிறந்த சி.வி.வேலுப்பிள்ளை லயம் லயமாகக் காது கொடுத்துச் சேர்த்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் அவர் 1984இல் இறந்த பிறகே நூலாயின. மாசி மாதக் காமன் கூத்தில், சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதனை எரித்ததும் ரதி அழுகிற அழுகை எப்படிப்பட்டது என்று கேட்டவர்களுக்குத் தெரியும். ரதி வேஷத்தில் இருப்பது பகலில் கவ்வாத்து வெட்டுகிற ஓர் ஆண்பிள்ளை. அவன் அழ, சுற்றி நிற்கிற பெண்கள் நிஜமாகவே மூக்கைச் சிந்துவார்கள்.

அன்று ராத்திரிக்கு வருகிறேன். பையன்கள் களைத்துப்போய் ஸ்பீக்கரை நிறுத்தினார்கள். நான் அம்மாயியிடம், "நீதான் படியேன்" என்றேன். விளையாட்டாகத்தான். அவள் விளையாட்டாக எடுக்கவில்லை.

"அவன் எனக்கு என்ன மொற?"

"மொறையா? அவரு தெலுங்கு பேசுற ஊருல பொறந்தவரு, அம்மாயி. பாலசுப்ரமணியம்னு பேரு, போதாதா?"

"பேரு செக்ரோலுக்குடா. அழுகைக்கு மொறதான் வேணும்."

தோட்டத்து ஆட்களுக்கு இது உடனே விளங்கும். செக்ரோல் என்பது சம்பளப் பதிவேடு. எங்களிடம் ஒரு நாள் சம்பளத்துக்கே பேர் என்றுதான் பெயர். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். ஆயுள் முழுக்க பேர் போட்டுக் கூப்பிட்டது கணக்குப்பிள்ளைதான். ஒப்பாரியில் அந்தப் பேர் வராது. பெத்தவளே, கூடப்பொறந்தவனே, மாலையிட்டவனே என்று முறை சொல்லித்தான் தொடங்கும். முறை கிடைக்காமல் ஒப்பாரிக்காரிக்கு வாய் திறக்காது. கன்ட்ரிக்காரர்கள் ஹாங்க், ஹாங்க் என்று பேர் சொல்லி உருகுகிறார்கள். நமக்கு அது போதாது. இதில் எது உசத்தி என்றால், நான் அம்மாயி பக்கம்தான்.

அம்மாயி விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். அவனுக்கு எத்தனை வயது என்று கேட்டாள். எழுபத்துநாலு என்றேன். "அப்ப எனக்குத் தம்பி" என்று முடிவு செய்து, கம்பளியைத் தோளுக்கு இறக்கி, தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். பிறகு நடந்ததை எழுதிக் காட்ட முடியாது. கடல் தாண்டி இருந்ததால் பார்க்க வராத தம்பியிடம் அவள் குறைபட்டாள். கடைசிவரை தொண்டைக்குள் குழாய் வைத்து உன்னைப் பேசவிடாமல் செய்தார்களாமே என்று கேட்டாள். டிவிச் செய்தியை அவளும் கவனித்திருக்கிறாள். இரண்டு நிமிஷம் போயிருக்கும். கரோக்கிப் பையன்களில் ஒருத்தன் எழுந்து கோயிலுக்குப் பின்னால் போய் நின்றான். முடித்ததும் அம்மாயி முடியை அள்ளி முடிந்துகொண்டு, "நாளைக்குப் பெரட்டு இருக்குல்ல, போய்ப் படுங்கடா" என்றாள்.

2022 மார்ச் கடைசியில் அம்மாயி போனாள். நாடு கிடந்த நிலை எல்லோருக்கும் நினைவிருக்கும். டீசல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் கட். பாடையைச் சோடிக்கிற பையன்கள் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஜெனரேட்டர் இருந்தது, அதற்கு ஊற்ற எண்ணெய் கிடையாது. இப்போதெல்லாம் தமிழ்நாட்டில் யாரோ பாடிப் பதிவு செய்த ஒப்பாரியைப் பென் டிரைவில் போட்டுவிடுகிறார்கள். அதற்கும் வழியில்லை. தப்பு மட்டும் அடித்தது. அடித்தவர்கள் நால்வர், முன்பு எட்டுப் பேர் வருவார்கள். பெண்கள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டுச் சும்மா அழுதார்கள். பாட்டு யாருக்கும் வரவில்லை. அம்மாயி இருக்கும்போது அவர்கள் கற்றுக்கொள்ளத் தேவை இருக்கவில்லை.

பதினொரு மணிக்கு மேல் மேட்டு லயத்துப் பெரியாயி வந்தாள். அடுத்த டிவிசன். பஸ் ஓடாததால் குறுக்குப் பாதையில் மலையேறி நடந்தே வந்திருக்கிறாள். சேலையின் கீழ்ப்பக்கமெல்லாம் ஈரம். அவளும் ஒப்பாரிக்காரி. இரண்டு பேருக்கும் பதினொரு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அம்மாயியின் ஆடு அவிழ்த்துக்கொண்டு போய்ப் பெரியாயியின் தோட்டத்து லீக்ஸைத் தின்றதில் ஆரம்பித்த சண்டை. ஒரே சாவு வீட்டுக்கு இருவரையும் அழைக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டமாகவே இருந்தது.

பெரியாயி பந்தலுக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடி என் அம்மாவைப் பார்த்து, "நான் எந்த மொறையில அழட்டும்?" என்று கேட்டாள். தப்பு நின்றது.

அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்டவங்க மாதிரித்தான் ரெண்டு பேரும் சண்ட போட்டீங்க. ஓரகத்தின்னு வச்சுக்குங்க."

பெரியாயி வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஓரகத்தி என்று எடுத்தாள். ஒரு காமன் கூத்தில் ரதிக்குப் பாட்டு மறந்துபோய் நின்றபோது, கூட்டத்திலிருந்து அடுத்த அடியை எடுத்துக்கொடுத்தது அம்மாயி என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எந்தெந்த லயத்தில் எந்தெந்தப் பிள்ளைச் சாவுக்கு அவள் போனாள், எங்கே தேத்தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பினாள் என்று வரிசையாக வந்தது. குளிரில் அவள் தொண்டை எப்போது கட்டும், கட்டினால் எந்த இடத்தில் சுரத்தை இறக்கி ஏமாற்றுவாள் என்பதும் வந்தது. அதையெல்லாம் இன்னொரு பாட்டுக்காரிதான் கவனித்திருக்க முடியும். பதினொரு வருஷம் பேசாமல் இருந்தவள் பதினொரு வருஷமும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பிறகு ஆடு வந்தது. மெட்டு இம்மியும் பிசகவில்லை. நாலு பாத்தி லீக்ஸை உன் ஆடு தின்றதே, ஓரகத்தி, அந்தக் கணக்கை நான் இனி யாரிடம் போய்ப் பேசித் தீர்ப்பேன் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பந்தலில் ஒரு மூலையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடக்கமுடியாமல் தப்புக்காரர்கள் வரைக்கும் பரவியது. கால்மாட்டில் குனிந்து நின்ற அம்மாயியின் மகன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ரெண்டு பாத்திதான் பெரியாயி" என்றார்.