சுண்ணாம்புத் தண்ணீர்

வீட்டுக்குள் கடல் வைத்திருப்பவனின் நாள் பெரும்பாலும் வாளி தூக்குவதில்தான் கழியும். பார்க்க வருகிறவர்கள் நீல வெளிச்சத்தையும் 'நீமோ' மீனையும் பார்த்து, 'சூப்பர்டா' என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். 2021-ல், லாக்டவுன் சலிப்பில், பெரம்பூரில் என் முதல் மாடி வாடகை வீட்டில் இரண்டடித் தொட்டி ஒன்றை வைத்தேன். 120 லிட்டர். கப்பியும் கோல்ட்ஃபிஷ்ஷும் வளர்த்த தைரியம் ஒன்றுதான் கையில் இருந்தது. அது இங்கே எதற்கும் உதவவில்லை.

முதலில் தண்ணீர். எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ் 1400. குடிக்கிற ஆர்ஓ தண்ணீரிலும் 60, 70 மிச்சம் இருக்கும். பவளத்துக்கு அது பூஜ்யமாக இருக்கவேண்டும். அதனால் ஆர்ஓவுக்குப் பின்னால் ரெசின் நிரப்பிய இன்னொரு குழாய். அப்படி எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்த தண்ணீரில், லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புக் கலவையைப் போட்டு, பம்ப் வைத்து ஒரு நாள் சுற்றவிட்டு, ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு 1.025 வருகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்க்கவேண்டும். இது முடிந்ததும் ஆவியாதல். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு ஆகாது. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்றவேண்டும். ஆரம்பத்தில் இது புரியாமல் உப்புத் தண்ணீரையே ஊற்றி ஊற்றி என் தொட்டியைக் கருவாட்டுப் பானை ஆக்கப் பார்த்தேன்.

அதற்கப்புறம் காத்திருப்பு. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொன்று நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்தப் பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதுவரை வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். எனக்கு முடியவில்லை. கொளத்தூரில் ஒரு கடையில் சொன்னேன். கடைக்காரர் உள்ளே கூட்டிப்போய், ஈரச் சாக்கைத் தூக்கிக் காட்டினார். "லைவ் ராக் சார். பாக்டீரியா எல்லாம் உள்ளயே இருக்கு. இம்போர்ட்டட்." கிலோ கணக்கில் எடை போட்டு எட்டு கிலோ வாங்கி வந்தேன். பில் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் கல் என்பது வேறொன்றுமில்லை, செத்த பவளத்தின் எலும்பு. அதன் துளைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத நூறு உயிர்கள். நம் நாட்டில் 2001-ல் கல்பவளங்கள் அத்தனையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலி இருக்கிற அதே அட்டவணை. உயிரோடு இருந்தாலும் எலும்பாக இருந்தாலும் நம் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது கல் தொட்டிக்குள் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. 'இம்போர்ட்டட்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

நான் காசு கொடுத்து வாங்கிய உயிர்களெல்லாம் கல் எலும்பு இல்லாதவை: தோல்போல் இருக்கும் லெதர், பொத்தான் பொத்தானாக ஜோவாந்தஸ், காளான். ஆனால் அந்த எட்டு கிலோவில், அடியில் கிடந்த கல்லின் ஒரு மடிப்பில், பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளி வந்தது. பாசி என்று நினைத்துச் சுரண்டப் போனேன். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் சுற்றிலும் மயிரிழைகளை நீட்டிக்கொண்டிருந்தது. மாதங்கள் போகப் போக நடுவில் பச்சை ஏறியது, மூளை மடிப்புபோல வரி விழுந்தது. ஒற்றை ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. கல்பவளம். நான் வாங்காத, வைத்திருக்கவும் கூடாத ஒரு உயிர்.

2023 நவம்பர் கடைசியில் தாத்தா தூத்துக்குடியிலிருந்து கண் ஆபரேஷனுக்காக வந்தார். ஒரு கண்ணில் கறுப்புக் கண்ணாடி. தொட்டியை அவர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கடலோரத்தில் எழுபது வருஷம் இருந்தவருக்கு இரண்டு மீன் நீந்துவதில் என்ன இருக்கிறது. "கரண்டு பில்லு எவ்வளவு வருது?" என்று மட்டும் கேட்டார்.

டிசம்பர் 4, மிக்ஜாம். காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர். பவளத் தொட்டியில் மின்சாரம் போனால் முதலில் சாவது வெளிச்சம் இல்லாததால் அல்ல. வேவ்மேக்கர் நின்றால் தண்ணீர் நின்றுவிடும். நின்ற தண்ணீருக்குள் ஆக்சிஜன் இறங்காது. உப்புத் தண்ணீர் நன்னீரைவிடக் குறைவாகத்தான் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வைத்திருந்தேன், சாயங்காலத்துக்குள் அதுவும் ஓய்ந்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்தன.

சொம்பால் மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து ஊற்றினேன். மொண்டு ஊற்று, மொண்டு ஊற்று. ஒன்பது மணிக்கெல்லாம் தோள்பட்டை விட்டுப்போனது. தாத்தா மெழுகுவர்த்தியோடு பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"இங்க தா. தோணியில தண்ணி எறைச்ச கைதான் இது."

"ஆபரேஷன் பண்ணியிருக்கு தாத்தா. குனியக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"உக்காந்துக்கிட்டே ஊத்துறேன்லே. நீ செத்த படு."

படுக்கவில்லை. மாறி மாறி ஊற்றினோம். நள்ளிரவுக்கு மேல் ஒரு தடவை, சொம்பை வைத்துவிட்டுக் கையைத் தொட்டிக்குள் விட்டார். பதறிவிட்டேன். சில ஜோவாந்தஸில் கடுமையான விஷம் உண்டு, அது கண்ணில் பட்டால் வம்பு. அவருக்கோ அறுத்த கண். "கண்ணுல மட்டும் கை வச்சிராதீங்க" என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை. கல்லின் பின்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏலே, இது எங்கன வாங்குன?"

"கடையில. வெளிநாட்டுக் கல்லுன்னு சொன்னாங்க."

"இது அலையில ஒடைஞ்சது இல்ல. கடப்பாரை பட்ட வாய். இங்க பாரு, ஒரே தட்டுல பிளந்துருக்கு. நம்ம கல்லு மாரில்லா இருக்கு."

அப்புறம் அந்த ராத்திரியில்தான் சொன்னார். கல்யாணத்துக்கு முந்தி சில வருஷம் அவர் கல்லெடுக்கப் போயிருக்கிறார். இத்தனை வருடத்தில் எங்கள் யாருக்கும் தெரியாது. மீன்பிடித் தொழில் என்றுதான் நினைத்திருந்தோம். விடியலுக்கு முன்னால் தோணியில் தீவுப் பக்கம் போவார்களாம். நீர் வற்றும் நேரத்தில் இடுப்பளவில் நின்று கடப்பாரையால் நெம்புவது. தோணி நிறைந்ததும் கரைக்கு வந்தால் காளவாயில் ஏற்றுவார்கள். சுட்டால் சுண்ணாம்பு. நல்ல கட்டியாக இருப்பதை வீட்டு அஸ்திவாரத்துக்கு எடுப்பார்கள். எங்கள் பழைய வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் தெரியும் பூப்பூவான தடங்களை நான் சின்ன வயதில் எண்ணி விளையாடியிருக்கிறேன். அது சிற்ப வேலை என்று நினைத்திருந்தேன்.

"உயிரோட இருக்குன்னு தெரியுமா தாத்தா?"

"தெரியும். கரையில போட்டா வழுவழுன்னு ஒழுகும், நாறும். வெயில்ல கெடந்து வெளுத்த பொறவுதான் சூளைக்குப் போவும்." கொஞ்ச நேரம் கழித்து, "தோணிக்கு இத்தனன்னு வித்தோம். நீ கிலோ கணக்குல வாங்கியிருக்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் பக்கம்வரை இருக்கும் 21 தீவுகளையும் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். விலாங்குச்சல்லித் தீவு இப்போது நீருக்கு மேல் இல்லை. பார் இருந்தால் அலை அங்கேயே உடையும், தீவுக்கு வராது. பாரை வெட்டினால் அலை நேராகத் தீவின் மேல்தான் ஏறும். தாத்தா எந்தத் தீவில் வெட்டினார் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் சொம்பை எடுத்துக்கொண்டார்.

மின்சாரம் 6-ஆம் தேதிதான் வந்தது. க்ளௌன் மீன் இரண்டில் பெரியதும், இறாலும் போய்விட்டன. க்ளௌனில் பெரியதுதான் பெண். அது செத்தால் மிஞ்சிய ஆண் கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்ணாக மாறும். ரூபாய்ப் பவளம் ஒரு வாரம் விரியவே இல்லை. எட்டாவது நாள் ராத்திரி இழைகளை நீட்டியது. அன்றைக்குத்தான் பெரிய தொட்டி வைக்கவேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன்னால் அந்தக் கல்லை என்ன செய்வது என்று நிறைய யோசித்தேன். கடலிலேயே போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் எந்தெந்த நாட்டு உயிர்களோடோ மூன்று வருடம் கிடந்த கல்லைப் பாரில் போட்டால், கூடவே எந்தக் கிருமி, எந்தப் பாசி போகும் என்று யாருக்கும் தெரியாது. வனத்துறையிடம் சொல் என்றார் ஒரு நண்பர். சொல்லவில்லை. பயம்தான் காரணம், வேறு நியாயம் எதுவும் என்னிடம் இல்லை. எடுத்து வெயிலில் காயப்போட்டால் பிரச்சினை முடிந்துவிடும். அதைத்தான் தாத்தா செய்துகொண்டிருந்தார்.

2024 மார்ச்சில் நாலுக்கு இரண்டுக்கு இரண்டடித் தொட்டி வந்தது. 12 மில்லிமீட்டர் கண்ணாடி, சுமார் 450 லிட்டர். ஸ்டாண்ட், கல், மணல் எல்லாம் சேர்ந்தால் அரை டன்னுக்கு மேல். பீம் ஓடுகிற சுவரை ஒட்டித்தான் வைக்கவேண்டும் என்று இன்ஜினியர் நண்பன் சொன்னான். ஹவுஸ் ஓனரிடம் 'கொஞ்சம் பெரிய மீன் தொட்டி' என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் அதிகமானால் எல்லாம் மெதுவாகத்தான் கெடும்: உப்பும் சூடும் அமோனியாவும். அந்த மெதுவுக்குத்தான் இவ்வளவு செலவு. கீழே சம்ப், அதில் ஸ்கிம்மர். இந்த முறை கல் எல்லாம் செராமிக். பழைய கல்லை மட்டும் பழைய தண்ணீரோடு மாற்றினேன். வேவ்மேக்கருக்குத் தனி பேட்டரி. மீனும் பண்ணையில் பிறந்ததாகவே தேடி வாங்கினேன். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் க்ளௌன் மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறது, கடலில் பிடிக்கத் தேவையே இல்லை.

பிறகு சில்லர். 26 டிகிரி. ஏப்ரல் 15 அன்று, உலக அளவில் நான்காவது முறையாகப் பவளங்கள் வெளுத்துக்கொண்டிருப்பதாக அமெரிக்காவின் நோவா அறிவித்தது. கடல் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால் போதும். பவளம் தனக்குள் குடிவைத்து, தனக்குச் சோறு போடுகிற நுண்பாசியை வெளியே தள்ளிவிடும். அதோடு நிறமும் போய்விடும். அந்த வாரங்களில் என் தொட்டி 26-லேயே நின்றது. சில்லர் கக்கிய சூட்டில் ஹாலில் உட்காரமுடியவில்லை. ஒரு ரூபாய் அகலப் பவளத்துக்காக அனல்மின் நிலையம் எரிந்துகொண்டிருந்தது. இந்தக் கணக்கை நான் இன்னும் முழுசாகப் போட்டுப் பார்க்கவில்லை.

அது இப்போது ஐந்து ரூபாய் அளவைத் தாண்டிவிட்டது. எலும்பு கட்ட அதற்குக் கால்சியம் வேண்டும், 420 பிபிஎம் அளவில் வைத்திருக்கிறேன். அதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. ஜெர்மானியர்கள் கால்க்வாசர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் சொன்னால் சுண்ணாம்புத் தண்ணீர். அதன் காரம் அதிகம் என்பதால் ராத்திரியில், சொட்டுச் சொட்டாக விடவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் தாத்தாவிடம் இதைச் சொன்னேன்.

"சுண்ணாம்பா? அதையா அதுக்கு ஊத்துற?"

"ஆமா தாத்தா."

வெகுநேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"கலக்கிட்டு ஒடனே ஊத்திராத எய்யா. ராவு பூரா அப்படியே வையி. மேல தெளிஞ்சு நிக்கும்லா, அதை மட்டும் எடு. அடியில கெடக்கிறத ஆட்டக் கூடாது."