பதினோரு நாள் குறைவு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

பள்ளி விடுமுறையில் நம்ம கோவில் குடும்பங்கள் சில சேர்ந்து கப்பலில் போனது உங்களில் பலருக்குத் தெரியும். அதை ஏற்பாடு செய்த நானே துறைமுகத்தோடு திரும்பி வந்ததும் தெரியும். "என்ன அண்ணே, கப்பல் உங்கள விட்டுட்டுப் போயிடுச்சாமே?" என்று அன்னதான வரிசையில் கேட்டவர்களிடம் சிரித்து மழுப்பிவிட்டேன். தீமிதிக்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று மனசு சொல்கிறது.

5 குடும்பம், 19 பேர், 3 இரவு. கிள்ளான் துறைமுகத்தில் ஏறி, புக்கெட் வரை போய்த் திரும்பும் பயணம். ஆசைப்பட்டது எங்க அம்மா. அம்மாவுக்கு 84 வயது. "சாகிறதுக்குள்ள ஒரு தடவ கப்பல்ல போகணும்டா" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் வீட்டில் விமானத்துக்கே பயப்படுகிற ஆள். ஏன் இந்தக் கப்பல் ஆசை என்று நான் கேட்கவே இல்லை. வயசானவங்க ஆசை, நிறைவேற்றிடுவோம் என்று கிளம்பிவிட்டேன். எல்லார் பணத்தையும் வாங்கியது, பெயர் பதிந்தது, விதிமுறைப் பக்கத்தைக் கடைசி வரை தள்ளிவிட்டு 'ஒப்புக்கொள்கிறேன்' என்று கட்டத்தில் குறி போட்டது எல்லாம் நான்தான்.

புலாவ் இண்டாவில் இருக்கும் பயணக் கப்பல் முனையத்துக்குக் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். பெட்டிகளை ஒப்படைத்தாச்சு. கவுண்டரில் ஒவ்வொரு பாஸ்போர்ட்டாகப் பார்த்து வந்த பெண், என் பேரனுடையதை எடுத்ததும் நிறுத்தினாள். நாள்காட்டியைப் பார்த்தாள். மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள்.

"மாஃப், பாக்சிக். குழந்தைக்கு ஏறுகிற நாளில் 6 மாதம் முடிந்திருக்கணும். இவனுக்கு 5 மாதம் 19 நாள்தான் ஆகுது."

பதினோரு நாள் குறைவு.

முதலில் கெஞ்சினேன். பிறகு வாதாடினேன். பதினோரு நாளில் குழந்தை என்ன மாறிடப் போகுது, விமானத்தில் பச்சைக் குழந்தையைக்கூட ஏற்றிக்கொள்கிறார்களே என்றேன். அந்த மலாய்க்கார அம்மா குரலை உயர்த்தவே இல்லை. நான் குறி போட்ட விதிமுறையைத் திரையில் காட்டினார். எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. பின்னால் நின்ற நம்ம ஆள் ஒருவர், "அண்ணே, ஏதாவது டத்தோவுக்கு போன் போடுங்க, ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க" என்றார். நானும் போனை எடுத்துவிட்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன், எடுத்துவிட்டேன்.

போனைக் காதில் வைத்தபடியே அந்த அம்மாவிடம் சத்தமாகச் சொன்னேன்: "எங்க ஜனங்க எல்லாம் கைக்குழந்தையோட இதே கடல்லதான் வந்தாங்க. அப்ப எவனும் மாசக் கணக்கு கேக்கல!"

அப்போது அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். "போதும்டா. அந்தப் பொண்ணு சரியாத்தான் சொல்லுது. நானும் ஏறல."

13 பேரை அனுப்பி வைத்தோம். அம்மா, நான், என் மனைவி, மகன், மருமகள், பேரன், ஆறு பேரும் பெட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு காடியில் ஏறினோம். மருமகள் தன்னால்தான் எல்லாம் கெட்டது என்பது போல அழுதுகொண்டே வந்தாள். யாரும் பேசவில்லை.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் சாப்பிட உட்கார்ந்தோம். இலையில் சோறு விழுந்த பிறகும் அம்மா கை வைக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்தார்கள். வாழை நாரில் கட்டிய ஒரு முழம் மல்லிகைச் சரம். அதே சாலையில் முந்தின நாள் வாங்கியதாம்.

"இது எதுக்கும்மா?"

"தம்பிக்கு."

எனக்குத் தெரிந்து அம்மாவுக்குத் தம்பியே கிடையாது.

1950-ல் அம்மாவுக்கு 9 வயது. அப்பா, அதாவது என் தாத்தா, பந்திங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்தவர் முன்னாலேயே திரும்பிவிட்டார். பிறகு பாட்டி, அம்மாவையும் மூன்று மாதக் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறினார். அந்தப் பெயரைக் கேட்டால் நம்மில் பல வீடுகளில் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 1926-ல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் நம் ஜனங்களை ஏற்றி இறக்கியது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது நம்ம போர்ட் கிள்ளான்தான். 1972-ல்தான் பெயர் மாறியது. ஏழைகளுக்கு மேல்தளம்தான் இடம். பாய் விரித்த இடமே வீடு. ஏறக்குறைய ஒரு வாரம் கடலில்.

"ரெண்டாவது நாள் கடல் கொந்தளிச்சுச்சு. எல்லாரும் வாந்தி. மூணாவது நாள் தம்பிக்கு வயித்தால போக ஆரம்பிச்சுச்சு. பால் குடிக்கல. ஆத்தாளுக்கும் பால் வத்திப் போச்சு. கப்பல் டாக்டர் வந்து பாத்தாரு. ஏதோ மருந்து குடுத்தாரு. அவரு என்ன பண்ணுவாரு, ஒரு ஆளு, அத்தன ஜனம். நாலாவது நாள் விடியக்காலையில தம்பி அசையல. வெள்ளத் துணியில சுத்தி... ஆத்தா என்னைத் திரும்பிக்கச் சொன்னா. நான் திரும்பல. பாத்துட்டேன்."

அதற்குப் பிறகு பாட்டி சாகும்வரை கடலைப் பார்த்ததில்லையாம். தோட்டத்திலிருந்து லாரி கட்டிக்கொண்டு மோரிப் கடற்கரைக்கு எல்லாரும் போவார்களாம். பாட்டி மட்டும் லயத்திலேயே இருந்துவிடுவாராம். குழந்தையைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது. அம்மாவும் பேசவில்லை, 75 வருஷம்.

"கப்பல் நடுக்கடலுக்குப் போனதும் பூவ விடணும்னு நெனச்சேன். அந்த ஒரு காரியம் பாக்கி இருந்துச்சு." பேரன் மருமகளின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அம்மா அவன் காலைத் தடவிக்கொண்டே சொன்னார்கள்: "அன்னிக்கு நாகப்பட்டினத்துல இப்படி ஒரு பொண்ணு மேசைக்குப் பின்னால நின்னுகிட்டு, 'புள்ளைக்கு வயசு பத்தல, அடுத்த கப்பல்ல வாம்மா'ன்னு சொல்லியிருந்தா, ஆத்தா திட்டியிருப்பா. ஆனா திட்டிக்கிட்டே ஊருக்குத் திரும்பியிருப்பா. எனக்குத் தம்பி இருந்திருப்பான்."

அன்பர்களே, அந்த இலையில் நான் ஒரு வாய் சாப்பிடவில்லை.

சாயங்காலம் போர்ட் கிள்ளான் தெற்குத் துறைமுகப் பக்கம், புலாவ் கெத்தாம் படகுகள் கிளம்பும் ஜெட்டிக்கு அம்மாவைக் கூட்டிப் போனோம். பழைய கப்பல்கள் வந்து நின்ற துறைமுகம் இந்தப் பக்கம்தான். அம்மா சரத்தைத் தண்ணீரில் விட்டார்கள். ஓதத் தெரிந்த நான் எதுவும் ஓதவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. பேரனை மட்டும் மகன் தூக்கிக் காட்டினான், "தாத்தாவப் பாருடா" என்று. மூன்று மாதத்தில் போன குழந்தை, இப்போது தாத்தா.

அடுத்த வாரம், நம்ம கோவில் மருத்துவ முகாமுக்கு வரும் டாக்டரிடம் கேட்டேன், ஏன் இந்த 6 மாதக் கணக்கு என்று. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

கப்பலில் டாக்டர் இருப்பார், தாதியர் இருப்பார்கள், ஒரு சின்ன சிகிச்சை அறையும் இருக்கும். ஆனால் பச்சிளம் குழந்தைக்கான தீவிர சிகிச்சைப் பிரிவோ, குழந்தை நல நிபுணரோ பொதுவாக இருக்காது. பெரியவருக்கு வயிற்றுப்போக்கு என்றால் இரண்டு நாள் படுத்து எழுந்துவிடுவார். சின்னக் குழந்தையின் உடம்பில் நீர் வற்ற சில மணி நேரம் போதும். ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் சாப்பிட்டு, ஒரே கைப்பிடியைத் தொடும் கப்பலில் வயிற்றுக் கிருமி வேகமாகப் பரவும். நம்ம நாட்டில் குழந்தைக்குப் போடும் முக்கியத் தடுப்பூசிகள் 2, 3, 5-ஆம் மாதங்களில்தான் ஒரு சுற்று முடிகின்றன. விமானமும் கப்பலும் ஒன்றில்லை. சென்னைக்கு விமானம் 4 மணி நேரத்தில் இறங்கிவிடும். நடுக்கடலில் இருக்கும் கப்பல் கரை சேர ஒரு நாள்கூட ஆகலாம். "பதினோரு நாள்ல குழந்தை பெரிசா மாறாதுதான். ஆனா கோட்டை எங்கயாவது போட்டாகணுமே" என்றார்.

வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர்களுக்கு ஆச்சரியமே இல்லை. "ஆறு மாசத்துக்கு முன்னால நாம சோறு ஊட்டுறோமா? அது போலத்தான்."

நம்ம குடும்பங்கள் இப்போது நிறைய பேர் கப்பல் பயணம் போகிறீர்கள். நான் செய்த தப்பை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகச் சில குறிப்புகள்:

1. குழந்தையின் வயதைக் கணக்கிடுவது நீங்கள் பணம் கட்டும் நாளில் இல்லை, ஏறும் நாளில். ஒரு நாள் குறைந்தாலும் ஏற்ற மாட்டார்கள்.

2. பெரும்பாலான கப்பல்களில் குறைந்தது 6 மாதம். பல நாள் தொடர்ந்து கடலிலேயே போகும் பெருங்கடல் பயணங்களுக்கு 12 மாதம் கேட்பார்கள். சிங்கப்பூரிலிருந்தும் ஓடும் ரோயல் கரீபியன் கப்பல்களில் இந்த இரண்டு கணக்கும் உண்டு.

3. கர்ப்பிணிகளுக்கும் வரம்பு உண்டு. பயணம் முடியும் நாள்வரை 24-ஆவது வாரத்தைத் தொட்டிருக்கக் கூடாது என்பது பல நிறுவனங்களின் விதி. டாக்டர் கடிதமும் கேட்பார்கள்.

4. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் தனியாகப் போக முடியாது. அத்தை, மாமாவோடு அனுப்பினால் பெற்றோரின் சம்மதக் கடிதம் கையில் இருக்கணும். சத்தியப் பிரமாண ஆணையரிடம் முத்திரை வாங்கி வைப்பது நல்லது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான். அதனால் அம்மாவின் பாஸ்போர்ட்டையும் பிள்ளையின் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்தால் உறவே தெரியாது. பொறப்புச் சூராவின் நகலை மறக்காமல் எடுத்துப் போங்க. அமெரிக்காவில் ஏறும் பயணங்களுக்கு 21 வயதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே படிக்கும் பிள்ளைகள் கவனிக்கணும்.

5. உயிர்காப்புச் சட்டை. 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் என்றால் கப்பலில் உள்ள ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் அதன் அளவில் ஒன்று இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுக் கடல் விதி. அறைக்குப் போனதும் முதலில் அதைக் கேட்டு வாங்குங்க.

6. "அதெல்லாம் பாத்துக்கலாம், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். என்னையும் சேர்த்து.

ஆறு பேருக்கும் கட்டிய பணம் திரும்ப வரவில்லை. அது என் சொந்தப் பணம், கோவில் பணம் ஒரு காசு இதில் இல்லை. சிலர் கேட்டதால் சொல்கிறேன்.

இனி, நம்ம கோவில் விஷயம். பூக்குழி வரிசையில் பல வருஷமாக நிற்கிறேன். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தீ மிதிக்க வருபவர்களை, "குழந்தையைப் பாட்டிகிட்ட குடுத்துட்டு இறங்குங்க" என்று தடுப்பது என் வேலை. வருஷா வருஷம் யாராவது ஒருவர் சண்டைக்கு வருவார். "வேண்டுதல் அண்ணே, சாமி வயசு பாக்குமா? எங்க தாத்தா காலத்துல எல்லாம் இப்படியா கேட்டாங்க?" நானும் முறைப்பாகத்தான் பதில் சொல்லியிருக்கிறேன், விதி விதிதான் என்று. கப்பல் முனையத்தில் நான் கத்தியது அவர்களுடைய அதே வாசகம். போனில் டத்தோவைத் தேடியதும் அதே போலத்தான். அந்த மலாய்க்கார அம்மா என்னிடம் காட்டிய பொறுமையில் பாதியைக்கூட நான் அவர்களிடம் காட்டியதில்லை.

இந்த வருஷமும் கைக்குழந்தையோடு பூக்குழியில் இறங்க அனுமதி இல்லை. அது மாறாது. ஆனால் இந்தத் தடவை உங்களை நிறுத்தினால், ஏன் என்று உட்கார்ந்து சொல்கிறேன். வேண்டுதலை அம்மன் சன்னதியில் எப்படி நிறைவேற்றலாம் என்று அய்யரிடம் நானே கூட்டிப் போகிறேன். போன வருஷங்களில் என்னிடம் சுடுசொல் வாங்கியவர்கள் மன்னிக்கணும். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழி தெரியவில்லை. பெயர்கூடப் பார்க்கவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பேரனுக்கு 6 மாதம் முடிந்து, நம்ம அம்மன் சன்னதியிலேயே முதல் சோறு ஊட்டினோம். சர்க்கரைப் பொங்கல், ஒரு விரல் நுனி அளவு. முதலில் ஊட்டியது எங்க அம்மா. அவன் துப்பிவிட்டான், பிறகு இன்னும் வேணும் என்று வாயைத் திறந்தான். அம்மா சிரித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன், "இப்ப வயசு ஆயிடுச்சும்மா, கப்பல்ல போவோமா?"

"எனக்கு வேணாம்டா. பூ விட்டாச்சு. நீங்க போயிட்டு வாங்க. முதல்ல அந்தக் காகிதத்த முழுசாப் படி."

தாயே துணை. எல்லாரும் நல்லா இருக்கணும்.

அன்புடன்,
உங்கள் கோவில் தொண்டன்