விருந்தும் நாற்காலியும்

பீன்யாவில் குடியிருப்போர்க்கு இடநெருக்கடி புதிதன்று. தொழிற்பேட்டை பரந்த அளவுக்கு அதைச் சுற்றிய வீடுகள் பரக்கவில்லை. அவை மேல்நோக்கி வளர்ந்தனவேயன்றி அகலத்தில் வளரவில்லை. லேத்துப் பட்டறைக்கும் வார்ப்படச் சாலைக்கும் வேலை தேடித் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்தவர்களும், நம்மைப் போல் அரசு அலுவலுக்கென வந்தவர்களும் பத்துக்குப் பன்னிரண்டடிக் கூடத்தில்தான் குடும்பம் நடத்துகிறோம். அந்தக் கூடத்தில் பீரோ ஒரு பக்கம், திவான் ஒரு பக்கம், பிள்ளைகளின் படிப்பு மேசை ஒரு பக்கம் என்று போக, வருகின்ற விருந்தினர்க்கு எஞ்சுவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளே.

இடநெருக்கடியில் விருந்தோம்புவதற்குத் தமிழர்க்குப் பழைய முன்மாதிரி உண்டு. திருக்கோவலூர் இடைகழியில் மழையிரவொன்றில் பொய்கையார் படுத்திருந்தார் என்றும், பூதத்தார் வந்ததும் இருவரும் அமர்ந்தார்கள் என்றும், பேயார் வந்ததும் மூவரும் எழுந்து நின்றார்கள் என்றும் வைணவ மரபு கூறும். இடம் போதாது என்று ஒருவரும் ஒருவரை அனுப்பிவிடவில்லை. அந்த வரலாற்றின் தத்துவப் பொருளைப் பெரியோர் விரித்துரைப்பர். நாமோ அதில் ஒரு சிறு வசதியை மட்டும் கண்டு மகிழ்வதுண்டு: அந்த இடைகழியில் நாற்காலி இல்லை.

நம் பாட்டனார் காலத்து வீட்டில் திண்ணை இருந்தது, பாய் இருந்தது, உண்பதற்கு மனைப் பலகை இருந்தது. வருகிறவர் பருத்தவரா, மெலிந்தவரா என்பதைத் திண்ணை கேட்பதில்லை. பாய் கிழியுமே தவிர, மனிதரைக் கவிழ்ப்பதில்லை. பிறகு நாற்காலி மதிப்பின் அடையாளமாயிற்று. இன்று வந்தவரைத் தரையில் அமரச் சொன்னால் அவமதிப்பு. எனவே, திண்ணையின் வேலையை இரண்டு மூன்று கிலோ எடையுள்ள பிளாஸ்டிக்கிடம் ஒப்படைத்துவிட்டோம்.

2022ஆம் ஆண்டு சித்திரையில் நம் அத்தை வந்திருந்தார். நம் தந்தையாரின் தமக்கை. வாணியம்பாடிக்கு அருகே ஒரு சிற்றூர். நாம் பி.ஏ. படித்த மூன்றாண்டுகளும் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதி அவருடைய கறவை மாடுகளிடமிருந்து வந்தது. நடுவண் அரசு அலுவலகத்தில் எழுத்தராக நமக்கு ஆணை வந்த நாளில் ஊரெங்கும் கற்கண்டு வழங்கியவரும் அவரே. இளமையில் கொடி போல் இருந்தவர்; ஐம்பதைத் தாண்டியபின் தைராய்டுக் குறையும் மூட்டு வலியும் ஒன்றுக்கொன்று துணை சேர்ந்து உடலைப் பெருக்கிவிட்டன. ரயிலில் வந்து, மெஜஸ்டிக்கில் மெட்ரோ ஏறிப் பீன்யாவில் இறங்குவது அவர்க்கு மிகப் பிடித்தமான பயணம். 2017ஆம் ஆண்டு ஜூனில் அந்தப் பாதை திறந்ததிலிருந்து பேருந்தை நாடுவதில்லை. பக்கச் சுவரையொட்டி நீளமாகச் செல்லும் இருக்கை. "இங்கே யாரும் நம்மை அளக்கிறதில்லை, தம்பி" என்பார்.

அன்று கூடத்தில் அமர்ந்து காபித் தம்ளருக்குக் கை நீட்டினார். வழவழத்த தரையில் நாற்காலியின் பின்கால்கள் இரண்டும் அகன்றன. பட்டென்று ஓர் ஓசை. அத்தை தரையில் இருந்தார். பக்கத்து வீட்டுச் சிறுவன், ஆறு வயதுப் பிள்ளை, சிரித்துவிட்டான். சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்தான். அவன்மேல் குற்றம் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு அத்தையின் காதில் விழுந்ததை நாம் பார்த்தோம்.

இத்தகைய வேளையில் ஒரு வீட்டின் பண்பு முதல் அரை நிமிடத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. நம் துணைவியார் முறிந்த நாற்காலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. தரையில் அத்தையின் பக்கத்தில் தாமும் அமர்ந்து, "அத்தை, இடுப்பிலே வலிக்குதா? மணிக்கட்டை ஊன்றினீங்களா? தலை எங்கேயும் படலையே?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வயதானவர் விழுந்தால் முதலில் கேட்கவேண்டியவை இவையே. கை ஊன்றி விழும்போது மணிக்கட்டும், பக்கவாட்டில் விழும்போது இடுப்பும் முறிவதே வழக்கம். நாம் பதற்றத்தில் அக்குளில் கை கொடுத்துத் தூக்க முனைந்தபோது, துணைவியார் கண்ணாலேயே தடுத்தார். அப்படித் தூக்கினால் தூக்குகிறவர் முதுகும் போகும், விழுந்தவர் தோளும் போகும். கனத்த மர முக்காலியொன்றை அத்தையின் முன்னே வைத்தார். அத்தை ஒருக்களித்து, முட்டிக்குக் கீழே தலையணை கொடுக்கப்பெற்று, முக்காலியில் இரு கைகளையும் ஊன்றித் தாமே எழுந்து திவானில் அமர்ந்தார். 'தாமே' என்ற சொல்லை அழுத்தியே எழுதுகிறோம். நால்வர் சேர்ந்து தூக்கியிருந்தால், விழுந்ததைக் காட்டிலும் அதுவே அவர்க்குப் பெரிய வலியாக இருந்திருக்கும்.

"உங்க நாற்காலியை உடைச்சுட்டேனே!" என்றார் அத்தை.

"அது உடையவேண்டிய நாள் அத்தை. நேற்று உடைஞ்சிருந்தால் எனக்குத்தான் அடி" என்றார் துணைவியார்.

இது உபசார மொழி என்றே அப்போது நினைத்தோம். இரு நாட்கள் கழித்து, பிளாஸ்டிக் வார்ப்புப் பட்டறையில் மேற்பார்வை பார்க்கும் அண்டைவீட்டு அன்பர் ஒருவர் முறிந்த காலை விரலால் தேய்த்துக் காட்டினார். சுண்ணாம்பு போல் வெண்பொடி ஒட்டியது. பாலிப்ரோப்பிலீன் என்னும் அந்தப் பொருளை வெயிலின் புற ஊதாக் கதிர் சிறிது சிறிதாக அரிக்கும்; வளையும் தன்மை போய் நொறுங்கும் தன்மை வரும். மலிவான நாற்காலிகளில் மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கும் சுண்ணாம்புத் தூளும் கலப்பதுண்டு. அவை இன்னும் விரைவில் சோர்ந்துபோகும். எல்லா வீட்டு நாற்காலிகளையும் போல அதுவும் மொட்டைமாடிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்ததுதான். ஃபிரான்சு நாட்டு ஆன்றி மசோனே என்பவர் 1972இல் இவ்வகை நாற்காலி ஒன்றை இரண்டு நிமிடத்துக்குள் வார்த்தெடுக்கும் முறையைக் கண்டார். அவ்வளவு விரைவாகப் பிறப்பது மெல்லச் சாகிறது. சாவது மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மேலும் மண் தரையில் நாற்காலிக் கால் புதைந்து நிற்கும். இன்றைய வழவழத் தரையில் அதற்குப் பிடிமானம் இல்லை.

பீன்யாவில் இதை விளக்கப் பேராசிரியர் தேவையில்லை. எந்தப் பட்டறைத் தொழிலாளியும் சொல்வார்: இரும்பும் களைக்கும். 1842இல் வெர்சேல்சு அருகே ரயில் விபத்தில் பலர் மாண்டதற்கு இயந்திரத்தின் அச்சு முறிந்ததே காரணம். பிறகு செருமனியில் ஆகஸ்ட் வோலர் என்னும் பொறியாளர் ரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சோதித்து, ஒரு தடவைக்கு முறியாத சுமையே பல்லாயிரம் தடவை ஏறி இறங்கும்போது முறிக்கும் என்று நிறுவினார். முறிகின்ற கணத்தில் இருந்த சுமை குற்றவாளி அன்று. அதற்கு முன் வந்துபோன சுமைகள் யாவும் கூட்டாளிகள். அச்சு முறிவதை வள்ளுவரும் எண்ணியிருக்கிறார். வலியறிதல் அதிகாரத்தில் 475ஆம் குறளில் அவர் வண்டியில் ஏற்றுவது மயிலிறகு! முறித்தது கடைசியில் வைத்த இறகா என்று அவர் கேட்கவில்லை. ஏற்றிய அளவையே சொல்கிறார். நம் நாற்காலியில் கடைசி இறகாக வந்தவர் அத்தை. மூன்றாண்டுகள் அதன்மேல் ஏறி நின்று பரணில் பெட்டி வைத்தவர்களும், பின்கால்களில் சாய்ந்து ஆடியபடி பாடம் படித்த பிள்ளைகளும் இந்தக் கணக்கில் எழுதப்படாமற் போனார்கள்.

ஊர் திரும்பும் நாளில் சருக்கரைச் சம்புடத்தின் கீழ் ஐந்து நூறு ரூபாய்த் தாள்கள் இருந்தன. அத்தை வழக்கமாகப் பிள்ளைகள் கையில் நூறு ரூபாய் கொடுப்பவர். இது நாற்காலிக்கான விலை என்பது தெளிவு. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது நம் கருத்து. துணைவியார் ஒப்பவில்லை: "திருப்பிக் கொடுத்தால் அவர் கொடுத்தது எதற்கென்று நாம் புரிந்துகொண்டோம் என்று ஆகும்." பிள்ளைகளை அழைத்து, "பாட்டி உங்களுக்குப் புத்தகம் வாங்கக் கொடுத்திருக்காங்க, போய் ஆசி வாங்குங்க" என்று அத்தையின் காலில் விழச் செய்தார். அத்தையின் முகம் சற்றே தெளிந்தது. இழப்பீட்டை ஈகையாக மாற்றும் இந்த வித்தையை நாம் எந்த அலுவலகக் கோப்பிலும் கண்டதில்லை.

ஆயினும் அத்தை அதன்பின் வரவில்லை. பொங்கலுக்கு அழைத்தோம், மூட்டு வலி என்றார். இளையவனுக்குக் காது குத்தினோம். மாடு ஈனும் நாள் என்றார். பிறர் வழியாகத்தான் செய்தி தெரிந்தது: நம் வீட்டுக்கு மட்டுமன்று, யார் வீட்டுக்கும் அவர் போவதில்லை, திருமண மண்டபத்திலும் நின்றுவிட்டுத் திரும்புகிறாராம். நாற்காலி போனால் நானூறு ரூபாய். இது வேறு கணக்கு.

ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் சதே 1837இல் அச்சிட்ட மூன்று கரடிகள் கதையை நம் பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பார்கள். இப்போது அதில் வருவது பொன்முடிச் சிறுமி. சதே எழுதியதில் வருபவள் ஒரு கிழவி. குட்டிக் கரடியின் நாற்காலி அவள் அமர்ந்ததும் அடி பிய்ந்துபோகிறது. கரடிகள் திரும்பி வந்து நாற்காலியைப் பற்றியும் பேசுகின்றன. கிழவி பலகணி வழியே குதித்து ஓடுகிறாள், பிறகு அவளை அவை காண்பதில்லை. அழையா விருந்தாளிதான், எனினும் அந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்லும்போது இப்பொழுதெல்லாம் நமக்குக் கிழவியின் பக்கமே மனம் சாய்கிறது.

பருமனைக் கண்டு நகைப்பது உலகெங்கும் உள்ள நோய். அமெரிக்காவில் வில்லியம் டாஃப்ட் என்பவர் குடியரசுத் தலைவராகவும் பின்னர் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். இரு பதவிகளையும் வகித்தவர் அந்நாட்டில் அவர் ஒருவரே. 1909இல் அவர் பனாமா சென்ற கப்பலுக்கென்று பெரிய குளியல் தொட்டியொன்று செய்தார்கள். அதனுள் நால்வர் அமர்ந்து எடுத்த படம் இன்றும் உலவுகிறது. தீர்ப்புகளை அறிந்தவர் சிலர். தொட்டியை அறிந்தவர் பலர். நம் நாட்டிலும் நிலைமை வேறன்று. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, வயதுவந்தோருள் நூற்றுக்கு 28.6 பேர் உடற்பருமன் உடையவர் என்கிறது. கிட்டத்தட்ட மூவர்க்கு ஒருவர். அப்படியிருந்தும் வீட்டுக்கு வருகிறவரெல்லாம் ஒரே அளவினர் என்ற எண்ணத்தில்தான் நாம் நாற்காலி வாங்குகிறோம்.

சிலர் பருத்த விருந்தினர் வரக் கண்டதும், "நீங்கள் இதில் உட்காருங்கள், அது தாங்காது" என்று அன்போடு வேறோர் இருக்கையைக் காட்டுவார்கள். அவர்கள் எண்ணம் நல்லதே. ஆனால் விருந்தோம்பல் அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர் அனிச்சமலரைக் கொண்டுவந்தது இதற்காகத்தானோ என்று தோன்றுகிறது. தனியாகச் சுட்டப்பட்ட இருக்கையில் அமர்வதைவிட நின்றுகொண்டிருக்கலாம் என்றே வந்தவர் நினைப்பார்.

2023ஆம் ஆண்டு மழைக்காலம் முடிந்ததும் பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் ஒரு வெல்டிங் பட்டறைக்குச் சென்று பெஞ்சு ஒன்று செய்யச் சொன்னோம். ஐந்தடி நீளம், ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய், குறுக்கே இரண்டு தாங்கு கம்பி, மேலே கனத்த பலகை, காலடியில் வழுக்காத ரப்பர்க் குமிழ். உயரத்தை மட்டும் வழக்கத்தைவிட ஓரங்குலம் கூட்டி, இரு முனையிலும் கைப்பிடி வைக்கச் சொன்னோம். மூட்டு வலி உள்ளவர்க்குத் தாழ்ந்த இருக்கை பகை. கை ஊன்ற இடம் இருந்தால் பாதி வலி குறையும். பட்டறைக்காரர் அளவு நாடாவை நீட்டி, "எஷ்டு ஜன கூத்கோத்தாரெ, சார்?" என்றார். எத்தனை பேர் உட்காருவார்கள் என்பது கேள்வி. "எல்லாரூ" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு தாங்கு கம்பி சேர்த்தார்.

பெஞ்சுக்கு இடம் செய்யப் பிளாஸ்டிக் நாற்காலிகள் மூன்றையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டோம். இப்போது கூடத்தில் யார் வந்தாலும் அதில்தான். அலுவலக நண்பர்களும் அதில்தான். எரிவாயு உருளை கொண்டுவருபவர் இளைப்பாறுவதும் அதில்தான்.

2024ஆம் ஆண்டு தை மாதம், நாம் நேரில் சென்று அழைத்ததன்பேரில், அத்தை வந்தார். வாயிலில் நின்று கூடத்தை ஒருமுறை பார்த்தார். பெஞ்சில் ஏற்கெனவே நம் துணைவியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்டைவீட்டுச் சிறுவனும் அதே பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருந்தான். "வாங்க அத்தை, இந்தக் கட்டை நீங்க ஆயுங்க" என்று முருங்கைக்கீரையில் பாதியை அந்தப் பக்கம் தள்ளினார் துணைவியார். அத்தை கைப்பிடியைப் பற்றி அமர்ந்து, கீரையை மடியில் இழுத்துக்கொண்டார். சிறிது நேரம் கழித்துச் சினைமாட்டின் விலை ஏறிவிட்டதைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நான்கு நாட்கள் தங்கினார்.

வீட்டுக்கார அம்மையார் அந்தப் பெஞ்சைப் பார்த்துவிட்டுக் கீழ்த்தளத்து வாசலுக்கும் அதே அளவில் ஒன்று சொல்லியிருக்கிறார். தமக்குச் சாய்மானமும் வேண்டுமாம். அதற்குப் பட்டறைக்காரர் அறுநூறு ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார் என்று நம்மிடம் முறையிட்டுக்கொண்டிருக்கிறார்.