மருமகளின் லத்தீன் பாடம்

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும் முன்னர், நம் நாட்டு மாணவர் பலர் இலண்டன் பரீட்சைகளை இங்கிருந்தே எழுதினார்கள். லத்தீனும் அவற்றில் ஒரு பாடம். இன்று திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில், 10ஆம் தரத்தில் படிக்கும் என் மருமகள் அம்மொழியைத் தொலைக்கல்வியாகக் கற்கிறாள்.

"நானா, வேதக்காரர் பாஷை இவளுக்கு என்னத்துக்கு?" என்று தங்கச்சி முறையிட்டாள். இப்னு ஸீனாவின் 'அல்கானூன்' மருத்துவ நூலை ஐரோப்பா பல நூற்றாண்டுகள் லத்தீனில்தான் படித்தது என்றேன். அவள் சமாதானமாகவில்லை.

சகோதரிகளே, எனக்கு லத்தீன் தெரியாது. ஆனால் பாடத்தாளைப் பார்த்ததும் மத்ரஸாவில் ஓதிய நஹ்வு இலக்கணம் நினைவுக்கு வந்தது. 'மாதேர் ஃபீலியாம் அமாத்' என்றால், தாய் மகளை நேசிக்கிறாள். சொற்களை இடம் மாற்றினாலும் பொருள் மாறாது. 'ஃபீலியா'வின் இறுதியில் சேரும் அந்த 'ம்', தமிழின் 'ஐ' போன்றது. அரபியில் செயப்படுபொருளுக்கு வரும் பத்ஹா போன்றது. அதை விட்டால் யார் யாரை நேசிக்கிறார் என்பதே குழம்பிவிடும்.

தொலைக்கல்வியின் குறையும் இங்குதான். இறுதி எழுத்து பிசகினால் எங்கள் உஸ்தாத் அந்த நொடியே நிறுத்துவார். இவளுக்கோ திருத்தம் நாட்கள் கழித்தே வருகிறது. அதற்குள் பிழை நாவில் ஊறிவிடுகிறது. ஆகவே இஷாவுக்குப் பின் அவள் உரக்க வாசிக்க, நான் தாளைப் பார்த்துக் கேட்கிறேன்.

சென்ற வாரம் அடுப்படியிலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது: "மகள், 'ம்' விட்டுப் போச்சு!"