மேலிருந்து கண்ட கண்மாய்

நுழையும்முன்
உயரத்திலிருந்து காணும்போது நிலம் வரைபடம்போல் விரிகிறது. அதனை உள்ளவாறே ஒளிப்படமாக்கக் கருவி மட்டும் போதாது. காற்று, ஒளி, கண்ணாடி ஆகியவற்றின் இயல்பையும் அறிய வேண்டும். அவ்வறிவைத் தேடிய ஒருவரின் பட்டறிவே இக்கட்டுரை.

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய்ப் பாசனத்தை நம்பி வாழும் சிற்றூர். என் தந்தை அங்கே நாற்பது ஆண்டுகள் நீர்பாய்ச்சியாக இருந்தவர். எந்த மடையை எந்நாளில் திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் விடுவது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கரையின் ஒவ்வோர் அடியையும் நடந்தே அறிந்தவர். ஆயினும், கண்மாயை முழுமையாக ஒரே பார்வையில் அவர் கண்டதில்லை. "அது மேலே பறக்கிற நாரைக்குத்தான் தெரியும்" என்பார். சென்னையில் பணியேற்ற நான் முதன்முதலாக மதுரைக்கு விமானத்தில் புறப்பட்டபோது, "நம்ம கண்மாயை ஒரு படம் எடுத்துட்டு வாப்பா" என்று கேட்டார்.

அது பிற்பகல் விமானம். வலப்பக்கச் சன்னலோரத்தில் இருக்கை கிடைத்தது. விமானம் தாழத் தொடங்கியதும் கண்மாய் தெரிந்தது. விரைந்து பல படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது நெஞ்சம் சோர்ந்தது. எல்லாமே நீலம் கலந்த சாம்பல் நிறம். கருவியைக் கண்ணாடியோடு அழுத்தி எடுத்த படங்கள் விமானத்தின் அதிர்வால் கலங்கியிருந்தன. விலக்கி எடுத்தவற்றில் என் வெள்ளைச் சட்டையின் பிம்பம் ஊரின்மேல் மிதந்தது. ஒரு படத்தில் சன்னலின் கீறல் மிகத் தெளிவாக விழுந்திருந்தது!

குறையை மறைக்கக் கணினியில் நிறங்களைக் கூட்டினேன். வயல்கள் கிளிப்பச்சையாயின, நீர் கடல்நீலமாயிற்று. அப்பா நெடுநேரம் பார்த்தார். "படம் அழகாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம கண்மாய் இல்லப்பா. மழை முடிஞ்ச தண்ணி செம்மண் கரைஞ்சுல்ல கிடக்கும்?" என்றார். நான் நாணித் தலைகுனிந்தேன்.

அதன்பின்னரே காரணங்களைத் தேடிக் கற்றேன். காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைநீளமுடைய நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. வானத்துக்கு நீலம் தரும் அதே சிதறல், கீழுள்ள வயலுக்கும் நம் கண்ணுக்கும் இடையே ஒரு நீலத்திரையை விரிக்கிறது. தூசியும் நுண்ணிய நீர்த்துளிகளும் அத்திரையைத் தடிப்பாக்குகின்றன. கதிரவன் இருக்கும் திசையை நோக்கினால் திரை வெளுத்து மறைக்கும். கதிரவன் முதுகுக்குப் பின்னே இருந்தால் மெலியும். மதுரைக்குத் தென்மேற்காகச் செல்லும் விமானத்தின் வலப்பக்கம், பிற்பகலில் கதிரவனை எதிர்கொள்கிறது. காலையிலோ அதற்கு முதுகு காட்டுகிறது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் தூசி அடங்கியிருக்கும். விமானம் தாழத் தாழ இடையிலுள்ள காற்றும் குறையும்.

விமானச் சன்னலின் தகடுகள் பெரும்பாலும் அக்ரிலிக்கால் ஆனவை. தானியங்கிக் குவியம் அவற்றின் கீறலையே பற்றிக்கொள்ளும். ஆதலால் தொலைவிலுள்ள முகிலின் விளிம்பில் குவியத்தை நிறுத்திப் பூட்டிவிட வேண்டும். வில்லையைத் தகட்டுக்கு மிக அருகில், ஆனால் தொடாமல், நேராகப் பிடிக்க வேண்டும். சுற்றிலும் கருந்துணி போர்த்தினால் பிம்பம் விழாது. இறக்கைக்குப் பின்னால் அமர்ந்தால் எந்திரத்தின் வெப்பக்காற்று காட்சியை நெளியச் செய்யும். முன்னால் அமர்வதே நன்று. மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம் 1/60 நொடியில் ஏறத்தாழ 2 மீட்டர் நகர்ந்துவிடும். 1/1000 நொடியிலோ 11 சென்டிமீட்டர்தான் நகரும். படத்தின் கூர்மை அந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

1921ஆம் ஆண்டு மத்தியதரைக் கடலைக் கப்பலில் கடந்த சர் சி. வி. இராமன், நீர்ப்பரப்பில் பட்டு மீளும் வானொளியை நிக்கோல் பட்டகத்தால் நீக்கிவிட்டுக் கடலின் சொந்த நிறத்தை ஆராய்ந்தார். அவ்வாறே ஒளியை வடிக்கும் முனைவாக்கியை நானும் வாங்கலாமா என எண்ணினேன். ஆனால், இறுக்கத்துக்கு உள்ளான அக்ரிலிக்கின் வழியே அது வானவில் பட்டைகளையே காட்டும் என்று அறிந்து கைவிட்டேன். 1858இல் பிரான்சில் பலூனில் ஏறிப் படமெடுக்க முயன்ற நதாரின் வரலாறும் ஆறுதல் தந்தது. பலூனிலிருந்து கசிந்த வளி வேதிப்பொருளைக் கெடுத்ததால் அவருடைய தொடக்க முயற்சிகளும் கருமையாகவே முடிந்தனவாம்.

மறு ஆண்டு கார்த்திகையில், மழை ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில், இறக்கைக்கு முன்னுள்ள வலப்பக்க இருக்கையில் கறுப்புச் சட்டையோடு அமர்ந்தேன். விமானம் வலப்புறம் சாய்ந்து திரும்பிய சில நொடிகளில் கண்மாய் ஏறக்குறைய செங்குத்தாகக் கீழே வந்தது. இம்முறை நிறத்தைக் கூட்டவில்லை. எஞ்சிய நீலச்சாயலை மட்டும் சற்றே குறைத்தேன்.

அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைக் கையில் வாங்கினார். செந்நிற நீரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பிறகு அவர் விரல் கரையோரமாக ஊர்ந்து வடக்கே சென்று நின்றது. அங்கே வரத்துக்காலின் மெல்லிய கோடு ஒரு கரும்பச்சைத் திட்டில் முட்டி மறைந்திருந்தது. "சீமைக்கருவேலம்! இங்கதான் அடைச்சிருக்கு. மழை பெஞ்சும் கண்மாய் ஏன் நிறையலைன்னு மூணு வருசமா யோசிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். முதற்படத்திலும் அந்த இடம் இருந்தது. நான் பூசிய கிளிப்பச்சையில் வயலும் முள்ளும் ஒன்றாகிப் போயிருந்தன.

அப்படத்தை அவர் ஊர்க்கூட்டத்துக்கு எடுத்துச் சென்றார். கோடையில் ஊரார் கூடி முள்ளை வெட்டி, வரத்துக்காலைத் தூர்வாரினர். அடுத்த மழை ஓய்ந்த நாளில் அப்பா தொலைபேசியில் அழைத்தார். "இந்த வருசம் எந்தப் பக்கம் சீட்டுப்பா?"

"வலப்பக்கந்தான் அப்பா. காலை விமானம்."